சவ்வுக்கு ஒரு திறப்பு விழா

மலேசியாவில், யோங் பெங் சந்திப்பைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் 'மேம்பட்ட சவ்வுகளுக்கான தேசிய உன்னத மையம்' வரும். பெயர்ப்பலகை நீளம் என்பதால் அதைத் தாங்க ஐந்து தூண் போட்டிருந்தார்கள். உள்ளே நூற்றுப் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். தர உறுதிப் பிரிவு, உருமாற்றப் பிரிவு, தொலைநோக்குப் பிரிவு, தொலைநோக்குப் பிரிவு ஒழுங்காக நோக்குகிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்புப் பிரிவு என்று எதற்கும் குறைவில்லை. சவ்வு செய்கிற ஆள் மட்டும் ஒரே ஒருத்தி. அவள் பெயர் டொரத்தி.

டொரத்திக்கு நாற்பத்து மூன்று வயது. தினமும் லாயாங் லாயாங் என்கிற ஊரிலிருந்து பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வருவாள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்த்தவள். வேலை பார்த்துக்கொண்டே படித்து வேதியியலில் பட்டம் வாங்கினாள். ஆறு வருடத்துக்கு முன்பு டாக்டர் கமலநாதன்தான் அவளை இந்த மையத்துக்கு அழைத்து வந்தார். அவர் சவ்வுப் பிரிவின் தலைவர். சிகாமட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வெளிநாடு போய் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர்.

"நாம தோட்டத்து ஆளுங்க, டொரத்தி. நம்மள நாமதான் தூக்கி விடணும். வேற யாரு லா வரப்போறா?" என்றார் முதல் நாளே.

அந்த ஒரு வார்த்தைக்காக டொரத்தி ஆறு வருடம் உழைத்தாள். அவள் அம்மா இறந்தபோது மாதா கோயிலில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவர் அவர். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு இவள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு இவள் செய்த கேக் அவர் வீட்டுக்குப் போகும். அவளுடையது ஒப்பந்த வேலை. வருடா வருடம் டிசம்பரில் தீர்ந்துபோகும். ஜனவரியில் மையம் யோசித்து யோசித்து நீட்டிக்கும். நிரந்தர ஆய்வாளர் ஆக வேண்டும் என்றால் ஒரு கண்டுபிடிப்பில் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. "சவ்வு மட்டும் வரட்டும். உங்க பேருதான் முதல்ல," என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அது என்ன சவ்வு என்று சொல்லிவிடுகிறேன். மையத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அது இன்றுவரை தெரியாது, வாசகருக்காவது தெரியட்டும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கிற கலத்தின் நடுவே ஒரு வேலி வேண்டும். ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் அந்த வேலி உள்ளே விட வேண்டும், மற்ற எதையும் விடக்கூடாது. மணலில் இருக்கிற அதே சிலிக்கானை முதுகெலும்பாக வைத்து ஒரு பாலிமர் வளர்த்து, அதன் பக்கங்களில் அமிலக் கிளைகளைத் தொங்கவிட்டால், அயனிகள் கிளைக்குக் கிளை தாவி அக்கரை சேரும். இதுதான் டொரத்தியின் வேலை. இதற்கு ஊற்றுகிற மூலப்பொருளில் கந்தகம் உண்டு. அழுகிய வெங்காயமும் எரிந்த டயரும் சேர்ந்த வாடை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டொரத்தி உட்காரும் பெஞ்சில் எப்போதும் இடம் தாராளமாக இருக்கும்.

வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கஷ்டம் எல்லாம் காயவைப்பதில்தான். கரைசலைத் தட்டில் ஊற்றி, மெல்லிய உறையால் மூடி, ஊசியால் ஏழு துளை குத்தி, இருபத்தொரு நாள் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். தட்டை நகர்த்தினால் கோணிக்கொள்ளும். முப்பத்தைந்து முறை தோற்றுத்தான் டொரத்தி இதைக் கற்றுக்கொண்டாள். செய்முறைக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் அவளே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: தட்டை நகர்த்தக் கூடாது.

முப்பத்தாறாவது தட்டு அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது. பதினைந்தாம் நாள் காலையில் ஒழுங்கு-தூய்மைக் குழுவின் தலைவி புஷ்பவள்ளி, கையில் அட்டைக் கட்டோடு ஆய்வகத்துக்குள் வந்தாள்.

"இது என்ன, பதினஞ்சு நாளா ஒரே எடத்துல இருக்கு?"

"காயுது, புஷ்பா."

"பதினாலு நாளைக்கு மேல அசையாத பொருள், தேவையில்லாத பொருள். சர்க்குலர்ல இருக்கு."

"அசையாம இருக்கறதுதாங்க அதோட வேலையே."

"அப்படிப் பாத்தா இந்த ஆபிஸ்ல பாதி பேருக்கு அட்டை ஒட்டணும் லா," என்றாள் புஷ்பவள்ளி, சிரிக்காமலே. தட்டின் மேல் சிவப்பு அட்டையை ஒட்டினாள். டொரத்தி மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தட்டு குப்பைக்குப் போயிருந்தது. அந்த மாதம் சவ்வுப் பிரிவுக்குத் தூய்மைக்கான மூன்றாம் பரிசு கிடைத்தது. டாக்டர் கமலநாதன் மேடையேறி ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தார்.

டொரத்தி அவர் அறையில் போய் நின்று அழுதாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அழாதீங்க. சினாங் லா, இதுக்கு சுலபமா ஒரு வழி இருக்கு. நகர்வுப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. தெனமும் காலையில 'நகர்த்தப்பட்டது'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. தட்டத் தொட வேணாம். பேப்பர்ல நகர்ந்தா அவங்களுக்குப் போதும்."

"அது பொய்தானே, டாக்டர்?"

"நான் இருக்கேன்ல. என்னை நம்ப மாட்டீங்களா?"

நம்பினாள். முப்பத்தேழாவது தட்டை ஊற்றி, தினமும் காலை எட்டரைக்கு, அசையாத தட்டைப் பார்த்துக்கொண்டே 'நகர்த்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மனசு கேட்காமல் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொன்னாள். ஃபாதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆபிஸ் ஃபாரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலை உறையை எடுத்தபோது, தட்டில் ஐம்பது காசு நாணய அகலத்தில் தெளிவான, வளைகிற ஒரு வட்டம் கிடந்தது. விரிசல் இல்லை. அதை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ஒரு பக்கம் ஊசிக்குழாயிலிருந்து ஹைட்ரஜன் கொடுத்தாள். ஒயர் முனையில் ஒரு குட்டி மோட்டார். அதன் தலையில் மகள் ஷர்மைன் மஞ்சள் காகிதத்தில் வெட்டிக் கொடுத்த விசிறி. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது, ஒன்றும் நடக்கவில்லை. டொரத்தி எழுந்திருக்கவில்லை. ஈரம் சவ்வுக்குள் முழுக்க ஏற வேண்டும். சரியாக நாற்பதாவது நிமிடம் விசிறி ஒரு தடவை தயங்கியது. பிறகு சுற்றத் தொடங்கியது.

டாக்டர் கமலநாதன் ஓடி வந்து பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். ஊசிக்குழாயையும் இரண்டு ஒயரையும் தவிர வேறொன்றும் இல்லை என்பதைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அலமாக், டொரத்தி! செஞ்சிட்டீங்களே! உங்க பேருதான் முதல்ல, சத்தியமா."

டொரத்திக்கு அன்று வீடு போய்ச் சேரும்வரை கார் ஓட்டியதே தெரியவில்லை.

மறுநாளே செய்தி மேலே போயிற்று. மேலே போன செய்தி திறப்பு விழாவாகக் கீழே இறங்கியது. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வந்து சவ்வைத் திறந்து வைப்பதென்று முடிவாயிற்று. சவ்வை எப்படித் திறப்பது என்று டொரத்தி கேட்டாள். அதற்குத்தான் ரூபேந்திரன் என்று சொன்னார்கள்.

ரூபேந்திரன் ஜொகூர் பாருவிலிருந்து வந்த விழா ஏற்பாட்டாளர். திறப்பு விழாக்களில் பிரமுகர் கை வைத்ததும் புகை கக்குகிற, ஒளி வீசுகிற, காகிதம் பறக்கவிடுகிற சாதனங்கள் எல்லாம் அவரிடம் வாடகைக்கு உண்டு. போன மாதம் ஒரு மீன்பண்ணைக்காக மூன்றடி உயரப் பிளாஸ்டிக் மீனின் கண்ணை எரிய வைத்தவர். திட்டமிடல் கூட்டத்தில் அவர் ஒருத்தர்தான் டொரத்தியின் விசிறியை அக்கறையோடு பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க அக்கா. எவ்வளவு நேரத்துல சுத்தும்?"

"நாப்பது நிமிஷம்."

"டத்தோவுக்கு ஒம்பது செகண்ட் ஒதுக்கியிருக்காங்க."

"முன்னாடியே ஈரம் ஏத்தி வெச்சிடலாமே. அவர் வந்ததும் ஒயர மட்டும் சேத்தா போதும்."

நெறிமுறை அலுவலர் கையை உயர்த்தினார். பிரமுகர் வருவதற்கு முன் நீர் விட்டால் அது பிரமுகருக்கு முன்பே தொடங்கப்பட்டதாகிவிடும். ஏற்கெனவே தொடங்கிய ஒன்றை டத்தோ தொடங்கி வைப்பது அவரை அவமதிப்பதாகும் என்றார். தொலைநோக்குப் பிரிவின் தலைவர், ஐம்பது காசு அகலத்தில் இருக்கிற ஒன்றைக் கடைசி வரிசையிலிருந்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பெயரிலேயே தொலைநோக்கு இருந்ததால் எல்லாரும் ஆமோதித்தார்கள்.

கடைசியில் தலைமை இயக்குநர் பேசினார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசியதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"விஞ்ஞானிகளிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். எப்போது பார்த்தாலும் விஞ்ஞானத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். நாம் திறப்பது சவ்வை அல்ல, நம்பிக்கையை. நம்பிக்கைக்கு ஈரம் ஏற நாற்பது நிமிடம் வேண்டியதில்லை. இந்த மையம் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது; ஒரு தடவையாவது நம்பிக்கை தாமதமாக எரிந்ததுண்டா?"

இல்லை என்று எல்லாரும் தலையசைத்தார்கள். அலுவலக அலமாரியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கோப்புறையின் மேலட்டையைக் கத்தரித்து, வெள்ளிச் சட்டத்தில் பொருத்தி, மேசைக்கடியில் பேட்டரி வைத்து, அறுபது விளக்குகளை எரியவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. கூட்டம் முடிந்ததும் டொரத்தி டாக்டரைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"டாக்டர், இது ஏமாத்து வேலை இல்லையா?"

"சும்மா ஒரு அடையாளத்துக்கு லா. கல்யாணத்துல கட்-அவுட் வெக்கறோமே, அதுக்காக மாப்பிள்ளை இல்லன்னு ஆயிடுமா? உண்மையான சவ்வு உங்க கிட்டதானே இருக்கு."

அதுவும் சரிதான் போலத் தோன்றியது. டாக்டர் சொன்னால் எதுவும் அவளுக்குச் சரிதான் போலத் தோன்றும். அதுதான் அவளுடைய கெட்ட நேரம்.

விழாவன்று டத்தோ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் உண்மையான சவ்வு மூன்று தடவை ஈரமேறிச் சுற்றியிருக்கும் என்று டொரத்தி கணக்குப் போட்டாள். டத்தோ உரையாற்றினார்.

"இந்தச் சவ்வைப் பற்றி வரும் வழியில் எனக்கு விளக்கினார்கள். என்ன அருமையான சவ்வு! அயனிகள் எல்லாம் எந்தப் பேதமும் இல்லாமல், யாரும் யாரையும் தடுக்காமல் கடந்துபோகின்றனவாம். இதுதான் நம் நாடு! இந்தச் சவ்வுதான் நாம்!"

வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தடுப்பதுதான் சவ்வின் வேலை என்று டொரத்திக்குத் தெரியும். கைதட்டலில் அவளும் கை தட்டினாள். டத்தோ கோப்புறை அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். ரூபேந்திரன் மேடைக்குப் பின்னாலிருந்து பொத்தானை அழுத்தினார். அறுபது விளக்கும் எரிந்தன, புகை கக்கியது, வெள்ளிக் காகிதம் பறந்தது. ஒன்பது செகண்டுக்குத் திட்டமிட்டது எட்டிலேயே முடிந்தது. விஞ்ஞானம் முன்னேறுகிறது என்றார் தலைமை இயக்குநர்.

பிறகு கல்வெட்டின் மேலிருந்த மஞ்சள் துணியை விலக்கினார்கள். 'இச்சவ்வை உருவாக்கியவர்கள்' என்று போட்டு அதற்குக் கீழே பதினான்கு பெயர்கள் இருந்தன. முதலில் தலைமை இயக்குநர், அடுத்து டாக்டர் கமலநாதன். நெறிமுறை அலுவலர் ஐந்தாவது. சிவப்பு அட்டை ஒட்டிய புஷ்பவள்ளி ஒன்பதாவது. டொரத்தி மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் இரண்டு தடவை படித்தாள். அவள் பெயர் இல்லை.

"எடம் பத்தல லா, டொரத்தி," என்றார் டாக்டர், அவள் கண்ணைப் பார்க்காமல். "கல்லுல எழுதறது வெறும் மரியாதைக்கு. காப்புரிமைப் பத்திரம்தான் முக்கியம். அதுல உங்க பேருதான் முதல்ல."

கோப்புறை அட்டை முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. அதற்கு ஒரு சொத்து எண் கொடுத்தார்கள். பதினான்கு நாள் விதி அதற்குப் பொருந்தாது, அது அசையாச் சொத்து என்று புஷ்பவள்ளி குறிப்பு எழுதினாள். உண்மையான சவ்வுக்கு எண் எதுவும் இல்லை. டொரத்தி அதை ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்துத் தன் மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினாள்.

மூன்று மாதம் கழித்து, வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனம் ஒன்று சவ்வைச் சோதித்துப் பார்க்க மாதிரி கேட்டது. டொரத்தி பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"இதை அனுப்புங்க, டாக்டர்."

டாக்டர் டின்னைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சொத்து எண் இல்லாத பொருள் கேட்டைத் தாண்டாது. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப எண் வாங்குங்க."

"என்னன்னு சொல்லி வாங்கறது? 'தேசிய சவ்வு, ஒன்று' ஏற்கெனவே பதிவுல இருக்கு. இன்னொண்ணு இருக்குன்னு சொன்னா, அப்ப டத்தோ தெறந்தது எதுன்னு கேப்பாங்க இல்ல?"

"டாக்டர், அது ஃபைல் கவர்!"

"மெதுவா பேசுங்க."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து கோப்புறை அட்டை இறங்கி, பஞ்சில் பொதிந்து, மூன்று முத்திரையோடு விமானம் ஏறியது. ஐந்து வாரத்தில் அறிக்கை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நாகரிகமானவர்கள், நல்லதை முதலில் சொல்லியிருந்தார்கள். 'அனுப்பிய மாதிரி உயர்தரமானது, மழையிலும் காகிதத்தைக் காக்கும், ஓரத்தில் இரண்டு துளைகள் சீராகப் போடப்பட்டுள்ளன. அயனி எதுவும் கடக்கவில்லை.'

அன்று மாலைக்குள் முன்கூடத்துக் கல்வெட்டின் மேல் மறுபடி மஞ்சள் துணி ஏறியது. ஒரு வாரம் பெயர்களைக் கொத்தி எடுக்கிற சுத்தியல் சத்தம் கேட்டது. மறுவாரம் டொரத்திக்கு ஒரு கடிதம் வந்தது. காரணம் கேட்கும் கடிதம். தலைப்பிலேயே இருந்தது: 'தேசிய சவ்வு, ஒன்று. உருவாக்கியவர்: டொரத்தி கிரகோரி.' வேறு ஒரு பெயரும் இல்லை.

அவள் கணவர் கிரகோரி அதை வாங்கி வாசலில் நின்றபடியே படித்தார். அவர் ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

"ஆறு வருஷமா மொத எடம் கேட்ட. குடுத்துட்டாங்க," என்றார்.

டொரத்தி அன்று சாப்பிடவில்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் எடுத்தார். அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "பயப்படாதீங்க. விசாரணையில நானும் உக்காருவேன். எல்லாம் சரி பண்ணிடலாம். நான் இருக்கேன்ல," என்றார். இத்தனைக்கும் பிறகு அவள் அதையும் பாதி நம்பினாள். நினைத்தால் எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது. ஆனால் ஆறு கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்த வீட்டை ஒரே நாளில் எப்படிச் சந்தேகப்படுவது?

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமை இயக்குநர், வலப்பக்கம் டாக்டர் கமலநாதன், இடப்பக்கம் நெறிமுறை அலுவலரும் தொலைநோக்குப் பிரிவின் தலைவரும். ஓரத்தில் புஷ்பவள்ளி குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள். டொரத்தி யாரையும் கேட்காமல் பிஸ்கட் டின்னைத் திறந்து, சவ்வை மின்முனைகளுக்கு நடுவே வைத்து, மேசை மேல் அந்தக் குட்டிக் கலத்தைப் பொருத்தினாள். நீரைச் சொட்டவிட்டாள், ஊசிக்குழாயைச் செருகினாள், மஞ்சள் காகித விசிறியை நிமிர்த்தி வைத்தாள்.

"இதுதான் நான் செஞ்ச சவ்வு. நாப்பது நிமிஷம் பொறுங்க. நீங்களே பாப்பீங்க."

"விளக்கத்துக்கு நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது," என்றார் இயக்குநர். "நாம் ஆவணங்களைப் பார்ப்போம். ஆவணங்களுக்கு ஈரம் தேவையில்லை."

டொரத்தியின் செய்முறைக் கையேட்டை எடுத்து நான்காம் பக்கத்தை உரக்கப் படித்தார்கள். தட்டை நகர்த்தக் கூடாது. பிறகு நகர்வுப் பதிவேட்டைப் படித்தார்கள். இருபத்தொரு நாள், இருபத்தொரு 'நகர்த்தப்பட்டது', இருபத்தொரு கையெழுத்து. புஷ்பவள்ளி ஒவ்வொன்றையும் தேதியோடு வாசித்ததில் பதினைந்து நிமிடம் போனது.

"உங்கள் கையேட்டின்படி, நகர்த்தினால் அது சவ்வே ஆகாது. உங்கள் கையெழுத்தின்படி, நீங்கள் இருபத்தொரு தடவை நகர்த்தியிருக்கிறீர்கள். ஆகவே இந்த மேசை மேல் இருப்பது சவ்வு அல்ல. இது நாங்கள் சொல்வதில்லை, நீங்களே சொல்வது," என்றார் இயக்குநர்.

"நான் நகர்த்தவே இல்ல! எழுத மட்டும்தான் எழுதினேன். டாக்டர்தான்..." அவள் கமலநாதனைப் பார்த்துத் திரும்பினாள். "சொல்லுங்க, டாக்டர்."

டாக்டர் கமலநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார்.

"நான் தட்ட நகர்த்தச் சொல்லவே இல்ல," என்றார்.

அது முழு உண்மை. அவர் அந்த வாக்கியத்தை எத்தனை நாளாக மனசுக்குள் சரி பார்த்து வைத்திருந்தாரோ! டொரத்தியின் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர், அதே மூக்குக்கண்ணாடி, அதே மெதுவான குரல். வேறு யார் செய்திருந்தாலும் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும். அவர் செய்ததால் வெட்கமாக இருந்தது, ஏதோ அவளே தப்பு செய்துவிட்டதுபோல.

தீர்ப்பைத் தயாராகவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தேசிய சவ்வை உருவாக்கிய டொரத்தி, சவ்வுக்குப் பதிலாகக் கோப்புறை அட்டையை வைத்து மையத்தையும் டத்தோவையும் தேசத்தையும் ஏமாற்றியது நிரூபணமாகிறது. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. அவளுடைய பெயர் மையத்தின் எல்லாக் கண்டுபிடிப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறது. எதிலும் இல்லாத பெயரை எப்படி நீக்குவது என்று புஷ்பவள்ளி மட்டும் ஒரு கணம் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

இயக்குநர் கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார். அப்போது மஞ்சள் காகித விசிறி ஒரு தடவை தயங்கியது. பிறகு சுற்றத் தொடங்கியது.

விசிறியின் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது.

"ஏர்கான் காற்று," என்றார் நெறிமுறை அலுவலர்.

ஏர்கானை அணைத்தார்கள். விசிறி சுற்றியது. கதவைச் சாத்தினார்கள், கூரை விசிறியை நிறுத்தினார்கள். யாரும் மூச்சு விட வேண்டாம் என்று இயக்குநர் சைகை காட்டினார். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

இயக்குநரின் முகத்தில் மெல்ல மெல்லத் தெளிவு வந்தது. அவருக்கு விளக்கு எரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

"பேட்டரி!" என்றார். "மேசைக்கடியில் பாருங்கள்!"

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. நெறிமுறை அலுவலர் குனிந்தார். தொலைநோக்குப் பிரிவின் தலைவர் முழங்காலிட்டார். புஷ்பவள்ளி குறிப்பேட்டைக் கீழே வைத்துவிட்டு மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

டொரத்தி டாக்டர் கமலநாதனைப் பார்த்தாள். பேட்டரி கிடையாது என்று அந்த அறையில் அவளைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முன்பே தன் கையாலேயே தொட்டுப் பார்த்தவர் அவர். ஒரு வார்த்தை போதும். அவரும் அவளைப் பார்த்தார், ஒரு நொடி. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவரும் மெதுவாகக் குனிந்து மேசைக்கடியில் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து இயக்குநரிடம் அவர் சொல்வது கேட்டது.

"இங்க ஒண்ணும் தெரியல, துவான். ரொம்ப நல்லா மறைச்சு வெச்சிருக்காங்க."